எதுவும் கலக்காத தொட்டி

பிப்ரவரி 9

மீன்கள் வந்துவிட்டன. ஆக்ஸிஜன் அடைத்த பைகளில், தெர்மாகோல் பெட்டிக்குள் தூங்கினாற்போல் கிடந்தன. பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார்களே, உடம்பில் நீலக்கோடு ஓடும் சின்ன வரிமீன், அதுதான். பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு பழகியபின் திறந்துவிட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் வசந்தமாலினி வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கைராசி, ஜெசிந்தா" என்றார். அவரிடமிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

மூன்று வரிசைத் தொட்டிகள். முதல் வரிசையில் எதுவும் கலக்காத தண்ணீர். இரண்டாவதில் ஆக்ஸிபென்சோன். வெயிலுக்குப் பூசும் சில க்ரீம்களில் இருக்கிற பொருள் அது. ஜனங்கள் கூட்டமாகக் குளிக்கும் கடற்கரையில் எவ்வளவு இருக்கக்கூடுமோ அவ்வளவு கலந்திருக்கிறோம். மூன்றாவதில் அதைவிடப் பல மடங்கு. குளிக்கிறவர்கள் உடம்பிலிருந்து கழுவிப்போய் கடலில் சேரும் இந்தப் பொருள் மீன்களின் ஹார்மோனைக் குழப்புகிறதா என்று பார்ப்பதுதான் இந்த வருட வேலை.

வீட்டுக்கு வந்து ரெமியிடம் சொன்னேன்.

"அப்ப எனக்கும் ஒரு தொட்டி வச்சிரு. தூத்துக்குடியிலேயே அதை அதிகமா பூசுத மீன் நான்தான்" என்றார்.

சிரித்துவிட்டேன். ரெமிஜியுஸ் பிறவியிலேயே நிறமி இல்லாதவர். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. வெயில் பட்டால் அவர் தோல் கறுக்காது, வெந்துபோகும். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் முகத்துக்கும் கைக்கும் அவரே பூசிக்கொள்வார். பின்கழுத்து, காது, முதுகு என் பொறுப்பு. கல்யாணமான மறுநாள் தொடங்கிய வேலை. இப்போதெல்லாம் தோசை வார்ப்பதுபோல அதுவும் கைப்பழக்கமாகிவிட்டது.

பிப்ரவரி 10

குழாயில் தண்ணீர் இல்லை. மாமிக்கு, ரெமியின் அம்மாவுக்கு, முழங்கால் வலி. மாவு நான்தான் ஆட்டினேன்.

பிப்ரவரி 23

பிள்ளை இல்லையே என்று செய்துகொண்ட பரிசோதனையின் முடிவு வந்தது. என்னிடம் குறை ஒன்றும் இல்லையாம். ரெமிக்குத்தான் உயிரணு குறைவு, இருப்பதும் சரியாக நீந்தவில்லை என்றார் அந்த டாக்டரம்மா.

"அதுலயும் எனக்குக் கலர் கம்மியா டாக்டர்?" என்று கேட்டார் ரெமி. டாக்டரம்மா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பேனாவை மூடித் திறந்தார். நிறமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார். பின் என்ன காரணம் என்று நான் கேட்டேன். "காரணம் எப்பவும் தெரியணும்னு இல்லம்மா. சில மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாப்போம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ரெமி ஜன்னலோர இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார். எப்போதும் அப்படித்தான், வெயில் படாமலிருக்க. இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர். பள்ளியில் வரலாற்று ஆசிரியர் என்றாலும், கபடிப் போட்டி, கோயில் கொடியேற்றம், படகுப் பந்தயம் எதுவாக இருந்தாலும் மைக் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்பார்வை பாதிதான். பக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல, தானே பார்த்ததுபோல முழங்குவார்.

மாமியிடம் "எல்லாம் சரியாத்தான் இருக்காம்" என்று சொல்லிவிட்டோம்.

மார்ச் 14

மூன்றாவது வரிசையின் ஆண் மீன்களின் ரத்தத்தில் முட்டைக்கருப் புரதம் இருக்கிறது. பெண் மீன் மட்டும் சுரக்க வேண்டியது. ஆண் மீனின் உடம்பு தன்னைப் பெண் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்கிறது. விந்தகமும் சிறுத்திருக்கிறது. கண்ணாடிச் சில்லில் வைத்து இரண்டு தடவை பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய ஆய்வுகளை எடுத்துப் படித்தேன். இந்தப் பொருள் தோல் வழியாக ரத்தத்தில் ஏறும். சிறுநீரிலும் தாய்ப்பாலிலும்கூட இருந்திருக்கிறது. ஆண்களின் உயிரணுவைக் குறைக்கிறதா என்பதில் சிலர் சம்பந்தம் உண்டென்கிறார்கள், சிலர் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

டாக்டர் வசந்தமாலினி என் மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டார். "ஜெசிந்தா, அந்தத் தொட்டியில நாம போட்ட அளவு எந்தக் கடல்லயும் கிடையாது. மனுஷன் மீனும் கிடையாது. கதை கட்டிடாதீங்க."

நான் கதை எதுவும் கட்டவில்லை. படித்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 15

காலையில் ரெமியின் முதுகில் பூசும்போது கை கொஞ்சம் நின்றது. "என்னட்டி, யோசன?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

ஏப்ரல் 6

ஆய்வகத்தில் பெரிய ரகளை. முதல் வரிசையில், எதுவும் கலக்காத தண்ணீரிலும் ஆக்ஸிபென்சோன் இருப்பதாகக் கருவி காட்டுகிறது. மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் இருக்கக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த தொட்டியே கெட்டுப்போனால் மற்றவற்றுக்கு என்ன மதிப்பு? டாக்டர் குழாயை மாற்றச் சொன்னார், வடிகட்டியை மாற்றச் சொன்னார், எல்லோரையும் சத்தம் போட்டார்.

ஏப்ரல் 7

அது என் கை. குழாயும் இல்லை, வடிகட்டியும் இல்லை.

காலையில் ரெமிக்குப் பூசிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன். அது போவதில்லை. கையுறையை இழுத்து மாட்டும்போது கையுறையில் ஒட்டுகிறது. அதோடுதான் தொட்டிக்குள் கைவிட்டு வலை போடுகிறேன். ரெமியின் முதுகிலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து மீனுக்கு. சோப்புக்கும் போகாதது உடம்புக்குள் போனால் எங்கே போகும்?

டாக்டரிடம் சொல்லவில்லை. முதலில் நிச்சயமாகத் தெரியட்டும்.

மே 3

ரெமியிடம் தொட்டி விஷயத்தைச் சொன்னேன். சும்மா, நடந்ததைத்தான் சொன்னேன்.

மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். ரெமி நாளிதழைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர், மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த மூணாவது தொட்டி மீனு நானுன்னு சொல்லுதியா?"

"நான் அப்படிச் சொல்லலங்க."

"நீ வேற எப்படியும் சொல்லல ஜெசி."

"எத்தனை வருஷமா பூசுதீங்க? காலேஜ்ல இருந்தே. தினமும். உலகத்துல யாரும் இவ்வளவு பூசிருக்க மாட்டாங்க. ஒரு ஆறு மாசம் நிறுத்திப் பாத்தா தெரிஞ்சிரும். தொப்பி இருக்கு, முழுக்கை இருக்கு, குடை இருக்கு."

"ஹமீதா டாக்டர் கிட்ட ஒரு வார்த்த கேக்கலாமா?"

"அவங்க தோல் டாக்டர். தோலத்தான் பாப்பாங்க."

எதிர்வீட்டுப் பிள்ளை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ரெமி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது. சத்தம்தான்.

"சரி, விட்டுருவோம்" என்றார்.

அவராகவே எடுத்த முடிவு. துத்தநாகம் கலந்த வேறு க்ரீம் இருக்கிறது, அது தோலுக்குள் அவ்வளவாகப் போகாது என்கிறார்கள். அதை வாங்கிக்கொடுக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். வெறும் தோலோடு நான் அனுப்பவில்லை.

மே 19

பாளையங்கோட்டையில் ஹமீதா டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். வருடத்துக்கு இரண்டு தடவை அவர் பூதக்கண்ணாடி வைத்து ரெமியின் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். கன்னத்திலோ கையிலோ சொரசொரப்பாக ஏதாவது இருந்தால் உறைபனி மாதிரி ஒன்றை அடித்து உதிர்த்துவிடுவார். இந்த வெயிலில் அவ்வளவு தூரம் எதற்கு? அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம்.

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. துத்தநாக க்ரீம் கெட்டியாக இருக்கிறது, சுண்ணாம்பு பூசியதுபோல. "எனக்கு வெள்ள அடிச்சா யாருக்குத் தெரியப்போவுது" என்று சிரித்தார். வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்குகிறதாம். ஏற்கனவே பாதிக் கண்.

ஜூன் 27

துத்தநாகத்தையும் விட்டுவிட்டார். கண் எரிச்சலோடு பாடம் நடத்த முடியவில்லை என்றார். நான் வற்புறுத்தவில்லை. அதைப் பற்றியும் முழுதாகத் தெரியாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தொப்பி போதும். அகலமான தொப்பிதான். காதுவரை மறைக்கும், அல்லது கிட்டத்தட்ட.

ஜூலை 18

முதல் வரிசைத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது. கருவியில் ஒன்றுமே இல்லை. டாக்டர் வசந்தமாலினிக்கு ஒரே சந்தோஷம். "வடிகட்டிதான்னு அப்பவே சொன்னேன்ல?" என்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

ஜூலை 30

ரெமிக்கு இரண்டாவது பரிசோதனை. முன்னைவிட நன்றாக இருக்கிறது!

டாக்டரம்மா, "ஏறும், இறங்கும். ஒரு முடிவை வச்சுச் சொல்ல முடியாது" என்றார். எல்லா டாக்டர்களும் இப்படித்தான். ரெமி வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில், பகலில், அத்தனை பேர் பார்க்க. "ஒன் மீனு கெட்டிக்கார மீனுதாம்ட்டி" என்றார்.

ஆகஸ்ட் 4

மாதா கோயில் திருவிழா. ஊரே வந்திருக்கிறது. எங்கள் தெருப் பையன்கள் நடத்திய கபடிக்கு ரெமிதான் மைக். பந்தல் போடுவதாகச் சொன்னவர்கள் போடவில்லை. காலையில் தொடங்கி மாலைவரை திறந்த வெளி. தொப்பி காற்றில் பறந்துவிட்டதாம். ஆட்டத்தை நிறுத்த மனமில்லாமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேசியிருக்கிறார். வீட்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "பிடிச்சாச்சு பிடிச்சாச்சு! புலி வலையில மாட்டிக்கிச்சு!" என்ன குரல். மாமி மீன்குழம்பைக் கிண்டியபடியே, "எய்யா எய்யா" என்று அங்கே இல்லாத மகனுக்குச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 6

முகமும் காதும் கழுத்தும் வெந்து கொப்புளித்துவிட்டன. சட்டை போட முடியவில்லை. ஈரத்துணி போட்டுக்கொண்டு கிடக்கிறார். மாமி கற்றாழை வெட்டிவந்து தடவினார்கள். "க்ரீம் போடலையாய்யா?" என்று கேட்டார்கள். "வேர்வையில போயிட்டும்மா" என்றார் ரெமி. என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15

எல்லாம் உரிந்து ஆறிவிட்டது. வலது காதின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு சின்னப் புண். மூக்குக்கண்ணாடிக் காம்பு உரசுகிறது. கடைக்காரரிடம் கொடுத்து வளைத்து வாங்கிவந்தேன்.

அக்டோபர் 11

காதுப் புண் பொருக்குத் தட்டுகிறது, விழுகிறது, மறுபடி தட்டுகிறது. வேப்பெண்ணெய் போடுகிறேன். ஹமீதா டாக்டரிடம் போகலாமா என்று ரெமி கேட்டார். போனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மறுபடி அந்த க்ரீமைத்தான் எழுதிக்கொடுப்பார். ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மழை ஆரம்பித்துவிட்டால் வெயிலும் இருக்காது. கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன்.

நவம்பர் 8

இரண்டு கோடு.

மாமி மண்டியிட்டுவிட்டார்கள், முழங்கால் வலியோடு. ரெமி சமையலறை வாசலில் நின்று, டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு, "பெருமக்களே, இதோ ஆட்டக்காரர் ஜெசிந்தா கோட்டைத் தொட்டுவிட்டார்!" என்று அறிவித்தார். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நிறுத்தியதால்தான். வேறென்ன?

நவம்பர் 24

தலையணை உறையில் ரத்தம். காதுப் புண் உளுந்து அளவு தடித்து, நடுவில் குழிந்திருக்கிறது. காதுக்குக் கீழே தாடையில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. சளி பிடித்தால் நெறி கட்டும். மழைக்காலம்தானே.

டிசம்பர் 2

மாமி பிடிவாதமாக அனுப்பி வைத்தார்கள். ஹமீதா டாக்டர் ரெமியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உட்காரச் சொல்லவே மறந்துவிட்டார்.

"எப்பத்துல இருந்து சார் இது?"

"ஒரு ரெண்டு மூணு மாசம்."

"மே மாசம் ஏன் வரல? க்ரீம் போடுறீங்களா?"

ரெமி என் பக்கம் திரும்பாமல், "கொஞ்சம் விட்டுட்டேன் டாக்டர். அலுப்பா இருந்துச்சு" என்றார்.

டாக்டர் தாடைக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தியபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். இன்னும் வெளியே தெரியாது. ஆனால் நான் கையை அங்கே வைத்திருந்தேன்போல. "வாழ்த்துக்கள்" என்றார். அந்தக் குரலில் யாரும் வாழ்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. காதிலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பினார்.

டிசம்பர் 12

புற்றுநோய். நெறியிலும் இறங்கிவிட்டது.

டிசம்பர் 13

மீன்களுக்குத் தீனி போட்டேன். தண்ணீர் மாற்றினேன்.

ஜனவரி 9

மதுரை. காதை முழுதாக எடுத்துவிட்டார்கள். கன்னத்துக்குள் இருந்த சுரப்பியையும் கழுத்து நெறிகளையும் சேர்த்து. முகத்தை அசைக்கும் நரம்பு கட்டிக்குள் மாட்டியிருந்ததால் அதையும் வெட்ட வேண்டியதாயிற்று. எனக்கு வாந்தி. ஆஸ்பத்திரி வாசனையாலா, பிள்ளையாலா தெரியவில்லை.

ஜனவரி 20

கட்டுப் பிரித்தார்கள். வலது பக்கம் முகம் தொங்குகிறது. கண் மூடவில்லை. உதடு ஒட்டவில்லை.

அறுவை செய்த டாக்டர் வராந்தாவில் எங்களிடம் பேசினார். நான்தான் கேட்டேன், ஒரு கோடை வெயிலில், சில மாதத்தில் இப்படி வருமா என்று. அவர் இல்லை என்று தலையாட்டினார். "இது ஆறு மாசத்து வெயில் இல்லம்மா. சின்ன வயசுல வாங்கின வெயிலு இருவது முப்பது வருஷம் உள்ள கெடந்து இப்ப கிளம்புது. இவங்க தோலுக்கு அப்படித்தான். என்ன, ஆரம்பத்துலயே பார்த்திருந்தா சொரண்டி எடுத்திருக்கலாம்."

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார்கள். "நாந்தான். நாந்தான அவன கடக்கரையில விட்டேன். கருவாடு காயப்போடப் போவையில ஒக்கல்ல தூக்கிட்டுப் போனேனே. மணலுல விளையாடவிட்டு வேல பாத்தேனே. தோலு உரியும், நெய்ய தடவுவேன். எம்புள்ளைக்கு நானே வெயில ஊட்டிட்டேனே!"

பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். நானும் அவர்கள் அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன்.

பிப்ரவரி 18

கதிர்வீச்சு நடக்கிறது. வாயெல்லாம் புண். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினால் வலது ஓரமாக ஒழுகிவிடுகிறது. ரெமிக்கு ப, ம இரண்டும் வரவில்லை. உதடு ஒட்டினால்தானே வரும். கபடி என்று சொல்லிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. தன் பெயரையே சொல்ல முடியவில்லை. பள்ளியிலிருந்து பார்க்க வந்த ஆசிரியர்கள் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். அவர்கள் போனபின் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டார். நான் அவர் காலைப் பிடித்துவிட்டேன்.

மார்ச் 22

பிள்ளைத் துணி வைக்க மாமி அலமாரியை ஒழித்தார்கள். அடித்தட்டில் க்ரீம் குழாய்கள், உறைகூடப் பிரிக்காமல். "இவ்வளவு இருக்கே, ஏன் போடல அவன்?" என்று கேட்டார்கள். காலாவதியாகிவிட்டது மாமி என்றேன். மாமிக்குப் படிக்கத் தெரியும். குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.

ஏப்ரல் 26

ஆய்வு முடிந்தது. மூன்றாவது வரிசையில் ஆண் மீன்களின் பாதிப்பு உறுதி. இரண்டாவது வரிசையில், அதாவது நிஜக் கடலில் இருக்கக்கூடிய அளவில், சில மீன்களுக்கு இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. எதுவும் கலக்காத தொட்டியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீண்ட காலத்தில், குஞ்சுப் பருவத்திலிருந்து பட்டால் வேறு மாதிரி இருக்கலாம். மனிதருக்கு என்ன என்பது இதிலிருந்து தெரியாது.

கட்டுரையின் கடைசிப் பத்தியை டாக்டர் வசந்தமாலினி உரக்கப் படித்தார். பத்தி முழுக்க 'இருக்கலாம்'. என்னைப் பார்த்து, "ஏதாவது சேர்க்கணுமா?" என்றார். முதல் வரிசையில் கலந்தது என் கையிலிருந்துதான் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "எப்ப நின்னது?" என்றார்.

"வீட்டுக்காரர் பூசுறத நிறுத்தினப்போ."

அவருக்கு ரெமியின் நோய் தெரியும். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜெசிந்தா, நான் உங்ககிட்ட அன்னிக்குச் சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முதல் வரிசையில் கலந்துபோனதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் பிறகு சொன்னார்.

மே 30

நுரையீரலில் புள்ளிகள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 21

மாமி எனக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றினார்கள். எனக்குக் குனிய முடிவதில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே, சாதாரணமாக, "எனக்குத் தெரியும்ட்டி" என்றார்கள்.

நான் அசையவில்லை.

"அலமாரி ஒழிச்ச அன்னைக்கு அவங்கிட்ட கேட்டேன், சொல்லிட்டான். சிலேட்டுல எழுதிக் காட்டினான். புள்ளைக்காவ நாந்தான் விட்டேன், அவள ஒண்ணும் கேக்காதன்னு."

"மாமி, நான்..."

"கேக்காதன்னுட்டான். நான் கேக்கல. நீ சொல்லவும் வேண்டாம். சொன்னா எனக்கு ஒன்னப் பாக்க முடியாது. இந்த நேரத்துல பாத்துதான் ஆவணும்." அடுத்த செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கொஞ்சம் சூடு அதிகம். பொறுத்துக்கொண்டேன்.

ஜூலை 5

பெண். கறுகறுவென்று முடி, என் நிறம். ஆட்டோவில் ரெமியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். குழந்தையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், நாளிதழ் பார்ப்பதுபோல. நெற்றி, காது, விரல் எல்லாம் ஒவ்வொன்றாக.

பெயர் அவரே வைத்தார். "ஒதடு ஒட்டாத பேரா வேணும், எனக்குக் கூப்பிட வரணும்லா" என்று எழுதிக் காட்டிவிட்டு, வாயால் சொன்னார்: "செசிலி." தெளிவாக வந்தது. மறுபடி மறுபடி சொன்னார்.

ஜூலை 29

இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றித் துணி மாற்றுகிறோம். மாமி ஒருபக்கம், நான் ஒருபக்கம்.

ஆகஸ்ட் 22

மூச்சு வாங்குகிறது. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். அவர் பேச்சு இப்போது எனக்கு மட்டும்தான் புரியும். திருத்தித்தான் எழுதுகிறேன்.

"ஜெசி, ஒண்ணு கேக்கேன். ஒங்க டாக்டர் மாதிரி சொல்லாத. நான் க்ரீம விட்டதாலதான இவ வந்தா?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உயிரணு தானாகவும் ஏறும், இறங்கும். ஐந்து வருடம் பிள்ளையில்லாதவர்களுக்கு ஆறாவது வருடம் எதுவும் செய்யாமலே பிறப்பதுண்டு. ஒருவரைத் தொட்டியில் போட்டு, அதே ஆளை எதுவும் கலக்காத இன்னொரு தொட்டியிலும் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் யாராலும் சொல்ல முடியாது.

"ஆமாங்க" என்றேன். "அதாலதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மூடாத அந்த வலது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப சரி" என்றார். பிறகு குழந்தையைக் கேட்டார். மடியில் வைத்தேன். பிடித்துக்கொள்ள அவருக்குப் பலமில்லை, நான்தான் அடியில் கை கொடுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 27

காலையில் அடக்கம் முடிந்தது. தெருப் பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் மைக் பிடிக்கவில்லை.

செசிலி நன்றாகப் பால் குடிக்கிறாள்.